திர்சா குணமான ஞாயித்துக்கிழமை

குணப்படலயா? நானா? சரி டீச்சர், உங்க வார்த்தைக்கே வாரேன், குணப்படல, அப்படியே வச்சுக்கிடுங்க. இப்ப நீங்க எனக்கு ஒண்ணு சொல்லுங்க. எந்தக் குணம்? கோவமா? ஏன், கோவம் உங்களுக்கு வரல? அன்னைக்கு நான் எந்திரிச்சுக் கேள்வி கேட்டதும் உங்க மூக்கு ஓட்ட ரெண்டும் டவுன் பஸ்ஸு கதவு மாதிரி படார்னு தெறந்துச்சே, அது என்ன, பரிசுத்த ஆவியா? என்னது, மரியாதையா? மரியாதைக்கு என்ன கொறச்சல் வச்சேன்? டீச்சர்னு கூப்புட்டுத்தான கேட்டேன்? ஏ கெழவின்னா கேட்டேன்? வயசா? வயசானவங்க எல்லாரும் பரிசுத்தவான்னா கோயில் வாசல்ல நிக்க புளியமரத்துக்குத்தான் டீச்சர் மொத நாற்காலி போடணும். இந்தா, இப்பமும் சொல்லுதீங்க பாருங்க, எதுத்துப் பேசுதேன்னு. பேச்சுன்னா எதுத்தாப்புலதான் பேச முடியும், முதுகுக்குப் பின்னால பேசுனா அதுக்குப் பேரு வேற. இதுல ஒரு வார்த்தையக்கூட திர்சா வாயத் தெறந்து சொல்லல. சொல்லியிருந்தா தயாபுரம் கோயில் மணி ஆள் இல்லாமலே அடிச்சிருக்கும். பொம்பளையாளுக பக்கம் மூணாவது பெஞ்சுல, அம்மை ஞானப்பூவுக்கும் சலோமி சித்திக்கும் நடுவுல, துப்பட்டாவ முக்காடா இழுத்துவிட்டுக்கிட்டு, இந்தப் பூனையும் பால் குடிக்குமாங்கிற மாதிரி உக்காந்திருந்தா. சண்ட உள்ளுக்குள்ளதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதுவும் பிளாரன்ஸ் டீச்சர் மூஞ்சியோடயா, இல்ல. மூஞ்சி பீடத்தப் பாத்துல்லா இருக்கு. முன்னால ரெண்டாவது பெஞ்சுல, நேருக்கு நேரா, இவளுக்குத் தெரிஞ்சது டீச்சரோட கொண்டை மட்டுந்தான். நரைச்ச கொண்டை, கறுப்பு வலை போட்டு, ஒரு முடி பிசகாம, இறுக்கிப் பிடிச்ச கொண்டை. உலகத்துல யாரோட வேணும்னாலும் சண்ட போட்டு ஜெயிச்சிரலாம், கொண்டையோட போட்டு ஜெயிக்க முடியாது. அது திருப்பிப் பேசவும் செய்யாது, விட்டுக்குடுக்கவும் செய்யாது. "உதட்ட அசைக்காதட்டி, பேய் பிடிச்சவ மாதிரி இருக்கு"ன்னு அம்மை தொடையில ஒரு கிள்ளு கிள்ளுனா. ஜெபிக்கேன்னா இவ. அம்மை இன்னொரு கிள்ளு கிள்ளுனா. பிரசங்கம் இப்பத்தான் தொடங்கியிருக்கு.

எல்லாம் ஒரு டிபன் பாக்ஸால வந்த வினை. திர்சா படிக்கது பாளையங்கோட்டையில, எம்.எஸ்சி. சைக்காலஜி ரெண்டாவது வருஷம். ஞாயித்துக்கிழமையானா இங்க ஓய்வுநாள் பள்ளியில சின்னப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்குடுக்கா. அந்த ஓய்வுநாள் பள்ளிக்கு ராணியே பிளாரன்ஸ் டீச்சர்தான். பெரிய பள்ளிக்கூடத்துல ஹெட்மிஸ்ட்ரசா இருந்து ரிட்டயர் ஆனவங்க, ஆனா ரிட்டயர் ஆனது பள்ளிக்கூடத்துல இருந்துதான், ஹெட்மிஸ்ட்ரஸ்ல இருந்து இல்ல. வருஷா வருஷம் பரிசளிப்புல நற்குணப் பரிசுன்னு ஒண்ணு உண்டு, மூடி போட்ட எவர்சில்வர் டிபன் பாக்ஸ். போன மாசம் அதத் தூக்கி பெனினாங்கிற பிள்ளைக்குக் குடுத்தாவ. பெனினா நல்ல பிள்ளைதான், இல்லன்னு யாரு சொன்னா? ஆனா வருஷம் பூரா வாயத் தெறந்து ஒரு சொல்லு சொன்னதில்ல. அடுத்தாப்புல உக்காந்திருந்த ஷெரின்தான் கேள்வி கேட்டு கேட்டு திர்சாவக் கொன்னவ. ஆண்டவரு ஏழாம் நாள் ரெஸ்ட் எடுத்தாருல்லா, அன்னைக்குச் சூரியன யாருக்கா போட்டான்னு கேட்டவ. அந்தக் கேள்விக்கு திர்சா ஒரு வாரம் அலைஞ்சா, ஐயர்கிட்டக்கூட கேட்டா. இந்தப் பக்கத்துல சபைக் குருவானவரத்தான் ஐயர்னு சொல்லுதது, வெள்ளை அங்கிதான், பூணூல் கெடையாது. ஐயரும் ஒரு வாரம் அலைஞ்சாரு. அப்படியாப்பட்ட பிள்ளைக்கு ஒரு பென்சிலு, வாயத் தெறக்காதவளுக்கு டிபன் பாக்ஸு. திர்சாவுக்குப் பொறுக்கல. எல்லாத் தாய்தகப்பனும் உக்காந்திருக்கையிலயே எந்திரிச்சுக் கேட்டா: "டீச்சர், பேசாம இருக்கதுதான் நற்குணம்னா அந்த டிபன் பாக்ஸ அது இருந்த ஸ்டூலுக்கே குடுத்திருக்கலாமே? அதும் வருஷம் பூரா வாயத் தெறக்கல." சிரிச்சாங்க. ஐயரே சிரிச்சு, அப்புறம் இருமுற மாதிரி ஆக்கிக்கிட்டாரு. டீச்சர் சிரிக்கல. கூட்டம் கலையையில, செருப்புப் போடுத எடத்துல, அந்த வார்த்தையச் சொன்னாவ. குணப்படாதவன்னு. படிப்பு வந்துருக்கு, குணம் வரலன்னு சொல்லியிருந்தாக்கூட திர்சா விட்டிருப்பா. குணப்படாதவன்னா இந்த ஊர்ல அர்த்தம் வேற. இன்னும் மனந்திரும்பல, ஆண்டவர்கிட்ட வரல, பேருக்குத்தான் கிறிஸ்தவ, உள்ள ஒண்ணுங் கெடையாதுன்னு அர்த்தம்.

அதோட விட்டாவளா? ஐயர் காதுல போட்டிருக்காவ, திர்சா குணப்பட சபையில ஜெபிக்கணும்னு. ஐயரு ஊருக்குப் புதுசு, காது கொஞ்சம் மந்தம், மனசு ரொம்ப இளகினது. அடுத்த ஞாயிறு மைக்கப் பிடிச்சு, கண்ண இறுக்க மூடி, "நம்ம அருமைத் தங்கச்சி திர்சா சீக்கிரமா குணமடைய உருக்கமா ஜெபிப்போம்"ன்னுட்டாரு. குணப்படவுக்கும் குணமடையவுக்கும் நடுவுல எத்தன எழுத்து இருக்கு? அந்தச் சந்துக்குள்ள நொழைஞ்சு ஊரு பூரா திர்சா வீட்டுக்கு வந்துட்டு. ஆரஞ்சுப் பழம் வந்துச்சு, இளநி வந்துச்சு, ஹார்லிக்ஸ் பாட்டில் வந்துச்சு. என்ன சீக்குன்னு எவளும் நேராக் கேக்க மாட்டா, கேட்டா நாகரிகம் இல்லையாம், ஆனா தெரியாமப் போகவும் மாட்டா. இதோ பக்கத்துல இருக்காவளே சலோமி சித்தி, அவிய கேட்டுலயே நிறுத்தி இவ கீழ் இமையப் பெருவிரலால இழுத்துப் பாத்துட்டு, "ரத்தமே இல்லையேட்டி"ன்னு மூக்கச் சிந்துனாவ. சித்தி, எனக்கு ஒண்ணும் இல்லன்னா கேட்டாத்தான? "இப்படிச் சொல்லுதவங்களுக்குத்தான் பெருசா இருக்கும்"ன்னாவ. இருக்கு சித்தி, பெருசாத்தான் இருக்கு, ஆனா ஸ்கேன்ல தெரியாது.

பீடத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு ஐயர் குயவனப் பத்திப் பேசுதாரு. களிமண்ணு, சக்கரம், குயவன் கை. ஃபேன் கிறீச் கிறீச்சுங்குது, ரெண்டு வார்த்தைக்கு ஒரு வார்த்த ஃபேனு முழுங்கிருது. குயவன் தன் இஷ்டப்படி வனையுதான், பாண்டம் கேக்கலாமா, என்னை ஏன் இப்படி உண்டாக்கினன்னு? கேக்கலாம்னு திர்சாவுக்குத் தோணுச்சு. தாராளமாக் கேக்கலாம். ஏன்னா வாய் அகலமான பானைய வனைஞ்சது யாரு? பானை தானாவா வாயத் தெறந்துச்சு? வகுப்புல சசிரேகா மேடம் இதத்தான ஒரு பருவம் முழுக்க நடத்துனாவ. ஆளுமைன்னா அஞ்சு பெரிய கூறு. ஒவ்வொண்ணுலயும் ஆளுக்கு ஆள் கூடும் கொறையும். பாதிக்குப் பாதி பொறக்கையிலயே வந்துருது. ஒத்துப்போற குணம் சிலருக்கு மலையளவு, சிலருக்கு மண்ணளவு. வகுப்புல எல்லாரும் தன்னைத்தானே மதிப்புப் போட்டுப் பாத்தப்ப, ஒத்துப்போறதுல திர்சாவுக்கு வந்த மார்க்க மேடம் ரெண்டு தடவ சரிபாத்தாவ. அப்புறம் இன்னொண்ணும் சொன்னாவ, அதுதான் இவ தொண்டையில மீன்முள்ளு மாதிரி நிக்கி. விசுவாசம் உள்ளவங்கள எடுத்துப் பாத்தா, பொதுவா கொஞ்சம் ஒத்துப்போற ஆளாவும், சொன்ன வேலையச் சொன்னபடி செய்யிற ஆளாவும் இருக்காங்கன்னு ஆராய்ச்சி சொல்லுதாம். திர்சா உடனே கையத் தூக்குனா. மேடம், கோயிலுக்குப் போயிப் போயி அவங்க சாந்தமானாங்களா, இல்ல சாந்தமா இருக்கவங்க மட்டும் கோயில்ல மிஞ்சுனாங்களா? சண்டக்காரங்களையெல்லாம் வெளிய தள்ளிட்டு உள்ள இருக்கவங்கள எண்ணுனா எல்லாரும் சாந்தமாத்தான இருப்பாங்க? மேடம் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாவ. தொடர்பு வேற, காரணம் வேற, நல்ல கேள்வின்னாவ. பாத்தீங்களா டீச்சர், அங்க நல்ல கேள்வி. இங்க அதே கேள்விக்குப் பிசாசு. பாளையங்கோட்டையில இருந்து தயாபுரத்துக்கு ஒரே பஸ்ஸு, அதுக்குள்ள எப்படி மாறுச்சு?

எட்வின் மாமாவ எடுத்துக்கிடுங்க. ஸ்பீக்கர் பாக்ஸ எந்தச் சுவத்துல மாட்டணும்னு கமிட்டியில சண்ட போட்டு, கோவிச்சுக்கிட்டு வேற சபைக்குப் போயிட்டாரு. அங்க போயி ஆறு மாசத்துல டிரம்ஸ எங்க வைக்கணும்னு சண்ட போட்டு, இப்ப வீட்டுலயே ஆராதன நடத்துதாரு. சபையில அவரும் அத்தையும்தான், அதுலயும் அத்த ஒழுங்கா வாரதில்லன்னு கேள்வி. எட்வின் மாமாவுக்கு விசுவாசம் இல்லையா? உண்டு, மலையளவு உண்டு, ஒத்துப்போறதுதான் இல்ல. எங்கப்பாவ எடுத்துக்கிடுங்க. அந்தா, ஆம்பளையாளுக பக்கம் தூணுக்கு மறைவுல, கண்ண மூடி, ஆசீர் சாரு, சபையே சாந்தசொரூபின்னு சொல்லுத ஆளு. எங்கப்பா சாந்தம் எனக்குத் தெரியும் டீச்சர். பக்கத்து வீட்டுக்காரன் சுவரு எங்க எடத்துக்குள்ள வந்தப்ப, கர்த்தர் பாத்துக்கிடுவாருன்னாரு. கர்த்தரு என்ன சர்வேயரான்னு நான் கேட்டேன். நாந்தான் போயி, கத்தி, ஆள் கூட்டி, சுவர நிறுத்துனேன். எங்கப்பா உள்ள உக்காந்து ஜெபிச்சாரு. சுவரு நின்னதும் ஜெபம் கேக்கப்பட்டுட்டுன்னாரு. அவரு பயத்துக்குப் பேரு சாந்தம், உங்க கோவத்துக்குப் பேரு கண்டிப்பு, என் வாய்க்கு மட்டும் நல்ல பேரு ஒண்ணு கெடைக்கலயா டீச்சர் உங்களுக்கு? இத்தன வருஷம் தமிழ் நடத்துனீங்களே. கொண்டை லேசா அசைஞ்சுச்சு. திர்சா திடுக்குன்னு ஆனா, சத்தமாப் பேசிட்டமோன்னு. இல்ல, டீச்சர் கொசு அடிச்சிருக்காவ.

நானும் முயற்சி பண்ணாம இல்ல. இதையும் கேட்டுக்கிடுங்க. இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்துன லெந்து நாப்பது நாளும் எல்லாரும் நோன்புன்னு கறிய விட்டாங்க, சினிமாவ விட்டாங்க, எங்கம்மை டீயில சீனிய விட்டா. நான் கோவத்த விட்டேன். விட்டேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிட்டு, தலையச் சீவி, சாந்தமா பஸ்ஸு ஏறுனேன். கண்டக்டர் மிச்சச் சில்லறையத் தராம, பின்னால வாங்கிக்கிடும்மான்னு சொல்லி, எறங்கையில வேற பக்கம் பாத்தான். கண்டக்டருக்கு நீடிய பொறுமை உண்டு, எனக்கு இல்ல. கறிய விட்டவன் மீன் திங்கலாம், முட்ட திங்கலாம். கோவத்த விட்டவ என்னத்தத் திங்க? அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள மூணு பேர்கிட்ட கத்தியாச்சு, சாயங்காலம் அழுகை வந்துச்சு, அழுகை வந்ததுக்காக இன்னொரு தடவ கோவம் வந்துச்சு. பெறகு மெதுவா, ஃபேனுச் சத்தத்துக்கு அடியில, அந்த மத்த நெனப்பு வந்துச்சு. எப்பமும் இப்படித்தான், சண்டையில இவ ஜெயிச்சு முடிச்சதும் வந்து பக்கத்துல உக்காரும். ஒருவேள டீச்சர் சொன்னது சரின்னா? நேர்மை நேர்மைன்னு நீ சொல்லிக்கிடுதியே, அது நேர்மையா, இல்ல எதுத்த ஆளு மூஞ்சி சுருங்குதப்ப உனக்கு உள்ள ஒரு இனிப்பு ஊறுதே, அதுக்காகவா? ஸ்டூலுக்குக் குடுங்கன்னு சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க. பெனினா சிரிக்கல. டிபன் பாக்ஸ நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னவ, அதக் கொஞ்சங் கொஞ்சமாக் கீழ எறக்கி, பாவாடைக்குப் பின்னால மறைச்சா. அதத் திர்சா பாத்தா. பாத்தத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. டீச்சருக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தா சண்டையே வேற மாதிரி இருந்திருக்கும். எதுக்காக இவள நிக்க வச்சுக் கேக்கணுமோ அத எவரும் கேக்கல, கேக்கதெல்லாம் டீச்சருக்கு முன்னால எந்திரிச்சதப் பத்தி. இதுக்குப் போயி டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேளுன்னு வீட்டுல சொல்லுதாங்களேன்னு கோவம் வருது, அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு அந்த மத்தது தப்பிச்சிருது. பெனினா, ஏட்டி பெனினா, உன்ன நான் சொல்லலட்டின்னு நாளைக்கே போயிச் சொல்லணும். அவ பதில் சொல்ல மாட்டா, அதான் கஷ்டம்.

இன்னைக்கு மட்டும் சாதாரண ஞாயிறா இருந்திருந்தா இவ்வளவு இல்ல. இன்னைக்கு இராப்போஜனம். காலையில ஆராதன, பேரு இராப்போஜனம். சின்னப்பிள்ளையில அதுக்கும் ஒரு கேள்வி கேட்டு அடி வாங்கியிருக்கா. ஐயர் அப்பத்தப் பிட்டுக் குடுக்க, முழங்கால் போட்டு வாங்கணும். அயலானோட மனஸ்தாபம் இருந்தா, மொதல்ல போயி ஒப்புரவாகிட்டு வரணும். அப்படி இல்லாம வாங்கித் தின்னா தனக்குத்தானே ஆக்கினத் தீர்ப்பு. இத இவளுக்குச் சொல்லிக்குடுத்ததே பிளாரன்ஸ் டீச்சர்தான், இதே கோயில்ல, மொத அப்பம் வாங்குததுக்கு முன்னால நடக்குத திடப்படுத்தல் வகுப்புல, ஸ்கேல மேசையில தட்டித் தட்டி. எந்திரிச்சுப் போகாம பெஞ்சுல உக்காந்திருக்கலாம். உக்காந்தா சலோமி சித்தி பாப்பாவ, ஊரு பாக்கும், என்ன பாவம் பண்ணுனாளோன்னு இன்னும் நாலு இளநி வரும். ஆனா அதுக்காக இல்ல. ஊரு பாக்கதுக்காகன்னா திர்சா வேணும்னே உக்காந்திருப்பா. திடப்படுத்தல் அன்னைக்குப் பிஷப்பு தலையில கைய வச்சப்ப, மோதிரம் முடியில சிக்கிக்கிட்டு. ஆவியானவர் எறங்குதாருன்னு இவ கண்ண மூடி நின்னா, பிஷப்பு மெதுவா, "அசையாத பாப்பா, முடி மாட்டிக்கிட்டு"ன்னாரு. சிரிப்பு வந்துச்சு. சிரிப்ப அடக்கிக்கிட்டே போயி முழங்கால் போட்டா. அன்னைக்குக் காலையிலதான் ரிப்பன் கலருக்காக அம்மையோட கட்டிப் புரண்டு சண்ட. கையில பிறாண்டுன கோடு ரெண்டு இருந்துச்சு. அந்தக் கையத்தான் நீட்டுனா. அப்பத்துண்டு வந்து உள்ளங்கையில உக்காந்தப்ப, என்னன்னு தெரியல, யாரோ இவளப் பாத்து, ஆமா, தெரியும், வான்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. கையக் கழுவிட்டு வான்னு சொல்லல. வாய மூடிட்டு வான்னு சொல்லல. அப்பம் மேல் அண்ணத்துல ஒட்டிக்கிட்டு, நாக்கால நெம்பிக்கிட்டே அழுதா. இந்த உலகத்துல இவள இவளாவே உள்ள விட்ட எடம் அது ஒண்ணுதான். வீட்டுல அடக்கிப் பேசு, பஸ்ஸுல அடங்கி உக்காரு, கமிட்டியில பெறகு பேசு. அங்க மட்டும் வா. இப்ப அந்த எடத்துக்கு முன்னால ஒரு கொண்டை உக்காந்துக்கிட்டு, நீ வரப்படாதுங்குது. சண்ட டிபன் பாக்ஸுக்கு இல்ல டீச்சர். சண்ட இதுக்குத்தான். என் எடத்துல கை வைக்கீங்க நீங்க.

பிரசங்கம் முடிஞ்சு, பாட்டு முடிஞ்சு, காணிக்கப் பை ஊர்ந்து போயி, ஐயர் மன்றாட்டு ஜெபத்துக்கு வந்தாரு. மழைக்காக, தேசத்துக்காக, படுக்கையில இருக்கவங்களுக்காக. படுக்கையில இருக்கவங்கன்னதும் சலோமி சித்தி இவ கையப் பிடிச்சாவ. அப்புறம் ஸ்தோத்திரம். ஐயர் குரல் குளுந்துச்சு. "கடுமையான மஞ்சக்காமாலையில கெடந்த நம்ம தங்கச்சி திர்சா, சபையோட ஜெபத்தினால பூரணமா குணமடஞ்சதுக்காக, அவங்க தாயாரு ஸ்தோத்திர காணிக்க படச்சிருக்காங்க. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்"ன்னாரு. ஸ்தோத்திரம்னு சபையே சொல்லுச்சு. சலோமி சித்தி, அப்பாடா, காமாலதானான்னு மூச்சு விட்டாவ. திர்சா ஒரு நிமிஷம் நெசமாவே தன் நகத்தப் பாத்தா, மஞ்சளா இருக்கான்னு. பெறகு மெதுவா அம்மை பக்கம் திரும்புனா.

"யம்மா, எனக்கு எப்ப மஞ்சக்காமால வந்துச்சு?"

"கண்ண மூடு. ஜெபம் நடக்கு."

"எப்பன்னு சொல்லு. நானும் தெரிஞ்சுக்கிடுதேன்."

"சத்தங் காட்டாதட்டி." அம்மை கண்ணத் தெறக்காம, ஜெபிக்கிற மொகத்தோடயே, உதடு அசையாமப் பேசுனா, அது ஒரு தனி வரம். "ஊரு பூரா என்ன என்னன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? சீக்குன்னா மருந்துல போயிரும். குணம் சரியில்லன்னா எவன் வீட்டுல ஏத்துக்கிடுவான்? அதான் ஒரு காமாலையச் சொல்லி, அதையும் தீந்துட்டுன்னு சொல்லி, முடிச்சு வச்சுட்டேன்."

"கோயில்ல பொய் சொல்லியிருக்க."

"பொய்யில்லட்டி, விவேகம்."

திர்சாவுக்குச் சிரிப்பு குபுக்குன்னு வந்துச்சு, முக்காட்ட வாயில திணிச்சுக்கிட்டா. சித்தி அழுதான்னு நெனச்சு முதுகத் தடவுனாவ. சிரிப்பு பாதி வழியில கசந்துச்சு. அப்ப முடிஞ்சிட்டா? இல்லாத சீக்கு வந்து, வந்த சீக்கு போயி, நான் குணமாயிட்டேனா? இனிமே வாயத் தெறந்தா, ஐயோ காமால திரும்பிட்டுன்னு கீழாநெல்லி அரைச்சுக் கொண்டாருவாங்களா? என் கோவத்த எடுத்து என் ஈரல்ல வச்சுட்டியேம்மா. டீச்சராவது இது என் குணம்னு ஒத்துக்கிட்டாவ; அத வெறுத்தாலும் அது நாந்தான்னு அவங்களுக்குத் தெரியும். நீ அதையும் இல்லன்னுட்ட. இந்த எண்ணம் வந்ததும் திர்சாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்தக் கோயில்லயே தன்ன உள்ளபடி பாத்த ஒரே ஆளு பிளாரன்ஸ் டீச்சரா? ஆண்டவரே, இது என்ன வெளையாட்டு?

அதுக்குள்ள சமாதானம் பொறப்பட்டுட்டு. இராப்போஜனத்துக்கு முன்னால ஐயர் பீடத்துல இருந்து எறங்கி வந்து, முன்னால இருக்கவங்க கைய ரெண்டு கையாலயும் பொத்துவாரு. அவங்க அடுத்தவங்க கையப் பொத்துவாங்க. அப்படியே கைமாறிக் கைமாறிக் கடேசி பெஞ்சு வரைக்கும் சமாதானம் போவும், ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நின்னு நின்னு போற பஸ்ஸு மாதிரி. அது எங்க வருதுன்னு திர்சா எட்டிப் பாத்தா. மொத பெஞ்சு தாண்டிட்டு. ரெண்டாவது பெஞ்சு. கணக்குப் போட்டுப் பாத்தா, வேற வழியே இல்ல, டீச்சர் கையில இருந்துதான் இவ கைக்கு வரணும். நேத்து வரைக்கும் கணக்கு லேசா இருந்துச்சு: கைய நீட்டாம இருப்பேன், கொண்டைக்கு ஒரைக்கட்டும். இப்ப அந்தக் கொண்டை திரும்புது. திரும்பி, முழு மூஞ்சியும் வந்துட்டு. கண்ணு ரெண்டும் நனைஞ்சு இருக்கு. மூக்கு சிவந்து இருக்கு. டீச்சர் அழுதிருக்காவ. சந்தோஷத்துல அழுதிருக்காவ. காமாலையெல்லாம் அவங்க காதுல ஏறவே இல்ல. பிள்ள குணப்பட்டுட்டா, நான் ஜெபிச்சது கேக்கப்பட்டுட்டு, அவ்வளவுதான் ஏறியிருக்கு. உதடு என்னமோ சொல்லுது, கீபோர்டுக்காரன் அந்த நேரம் பாத்து ஸ்வரத்த அமுக்குனதுல ஒண்ணுங் கேக்கல. ரெண்டு கையும் நீட்டி நிக்காவ. ஸ்கேல் பிடிச்ச கை, தோலு சுருங்கி, சாக்பீஸ் தின்ன விரலோட. திர்சா நெஞ்சுக்குள்ள இருந்த அத்தன பதிலும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நின்னுச்சு. அடிச்சா திருப்பி அடிக்கலாம். இப்படிக் கண்ணு நனைஞ்சு நின்னா என்ன செய்ய? பிடிச்சிருன்னு அம்மை முழங்கையால இடிச்சா. பிடிச்சிரலாம். பிடிச்சா எல்லாருக்கும் சந்தோஷம்: டீச்சருக்கு ஒரு ஆத்துமா, அம்மைக்கு ஒரு மருமகன், சித்திக்கு ஒரு காமாலக் கத. பிடிச்சுட்டு, சாந்தமாத் தலையக் குனிஞ்சு, போயி முழங்கால் போடலாம். ஆனா அங்க போயி முழங்கால் போடுதது யாரு? குணமான திர்சா. அப்படி ஒருத்தியே கெடையாதே. அவ கையில அப்பத்த வச்சா, வான்னு சொன்னவரு யாரப் பாத்து வான்னு சொல்லுவாரு? இருக்கவ இங்க பெஞ்சுல கெடப்பா, இல்லாதவ அங்க போயித் தின்னுட்டு வருவாளா? பிடிக்காம விட்டா அதுவும் பொய். ஏன்னா இப்ப, இந்த நிமிஷம், இந்த மனுஷி மேல இவளுக்குக் கோவம் இல்ல. எங்க போச்சுன்னு தேடிப் பாத்தா. நெசமாவே இல்ல. கேள்வி மட்டுந்தான் இருக்கு.

திர்சா டீச்சர் கைய ரெண்டையும் பிடிச்சா. கெட்டியாப் பிடிச்சா.

"சமாதானம் டீச்சர்"ன்னா. டீச்சர் தலைய ஆட்டிட்டுக் கைய உருவப் பாத்தாவ. திர்சா விடல. முக்காடு நழுவி விழுந்துட்டு. "மனசார சொல்லுதேன், சமாதானம். ஆனா எனக்குக் காமால வரல. எந்தச் சீக்கும் வரல. எங்கம்மை சொன்னது பொய்." வகுப்புல பின் வரிசைக்குக் கேக்குத மாதிரிப் பேசிப் பழகின தொண்ட, கீபோர்டு தானா நின்னுட்டு. "நீங்க எந்தக் குணம் போகணும்னு ஜெபிச்சீங்களோ அது அப்படியே இருக்கு, ஒரு சொட்டு கொறையல. நாளைக்கும் இருக்கும். நான் பாவம் பண்ணாதவன்னு சொல்லல, பண்ணுனது இருக்கு, அது உங்களுக்குத் தெரியாது, அத நான் தீத்துக்கிடுதேன். ஆனா இந்த வாயி, இந்தக் கேள்வி, இது என் பாவமா, இல்ல என்ன உண்டாக்குனவரு வச்சதா? இதோட நான் அந்தப் பந்திக்கு வரலாமா, வரப்படாதா? சொல்லுங்க டீச்சர்."

தூணுக்கு மறைவுல இருந்து அப்பா தலை மட்டும் எட்டிப் பாத்துட்டு உள்ள போயிட்டு. அம்மை, யேசப்பா, யேசப்பான்னு நெத்தியப் பிடிச்சுக்கிட்டா. ஐயர் பதறிப்போயி மைக்கத் தூக்கிக்கிட்டு வந்தாரு. "தங்கச்சி, தங்கச்சி, இத நாம ஆராதன முடிஞ்சு, வீட்டுல வச்சு, ஜெபத்தோட..."

"நீங்க சொல்ல வேண்டாம் ஐயா"ன்னா திர்சா, டீச்சர் கைய விடாம. "வீட்டுல வச்சும் வேண்டாம். எனக்காக ஜெபிச்சது சபைக்கு முன்னாலதான? பதிலும் சபைக்கு முன்னாலயே வரட்டும். அந்த மைக்க டீச்சர்கிட்ட குடுங்க."